லோடுக்கீரை

“ஈயம்” என்றார் டாக்டர் லிஜி. “ரத்தத்தில் இருக்கு, எலும்பில் இருக்கு. கிட்னி பாதி போயிடுச்சு.”

காளிச்சாமிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பாழாய்ப்போன கோயமுத்தூர்! கிளியாட்டம் வளர்த்த ஒரே மகளை ஏழு வருடத்துக்கு முன்னால் இந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்தார். இருபத்தெட்டு வயதில் முகம் வீங்கி, கால் வீங்கி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் ஆர்த்தி.

இப்படியே போனால் ஆறு மாதத்தில் டயாலிசிஸ் என்றார் டாக்டர். டவுன்காரர்கள் பலருக்கு இப்போது இது வருகிறதாம். கல்லீரல், எலும்பு, மூளை என்று கண்ட இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். எந்த வழியாக உள்ளே போகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தினால், மிச்சமிருப்பதைக் காப்பாற்றிவிடலாம்.

“குழாய்த் தண்ணி பரிசோதிச்சாச்சு, அதில் இல்லை. கடையில வாங்கற கீரை நிறையச் சாப்பிடுவீங்களா?”

காளிச்சாமி சட்டென்று மகளைத் திரும்பிப் பார்த்தார்.

அவருக்குத் தெரியாத சங்கதியா இது? வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் அவருக்கு இரண்டு இடத்தில் கீரை. கிணற்றுத் தண்ணீர் பாய்வது வீட்டுக்கு. ஓடைத் தண்ணீர் பாய்வது லோடுக்கு; வண்டியேறி நேராகக் கோயமுத்தூர் மார்க்கெட் போய்விடும்.

ஆர்த்தி கல்யாணத்துக்கு முந்தின வருடம், ஓடைக்கு மேலே பழைய பேட்டரி உருக்குகிற கம்பெனி வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த ஆடுகள் வரிசையாகக் குறைமாதத்தில் குட்டி வீசின. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் மனுசன் அங்கேயே விதைத்தார். தின்கிறவன் எவனோ, அவன் முகமா நமக்குத் தெரியப்போகிறது?

மனைவி மயிலாத்தாளிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் ஒரு கட்டு வண்டியேற விடமாட்டாள். “அது யாவாரிக்குப் பேசின கீரை, ஒரு எலை தொடப்படாது” என்று மட்டும் சொல்லிவைத்தார்.

ஆனால் மகள் விஷயத்தில் கெட்டி. வாராவாரம் மயிலாத்தாள் வீட்டுக் கீரையைப் பையில் போட்டுக் கட்டித் தருவாள். இவர் கொண்டுபோய் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவார்.

“கடைக் கீரையே வாங்கறதில்லீங்க டாக்டர். எங்கப்பா குடுத்துடறதுதான்” என்றாள் ஆர்த்தி.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது காளிச்சாமிக்கு. அப்படியென்றால் இது வேறு ஏதோ. பெயின்ட்டோ, பாத்திரமோ, ரோட்டுப் புழுதியோ. என்ன எழவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், தன் கை பட்டதில்லை.

“நம்மூட்டுக் கீரைங்க டாக்டர். சுத்தமான கெணத்துத் தண்ணிங்க” என்றார், கேட்காமலே, சத்தமாக.

“நல்லது. ஆனா சின்ன விஷயம்னு எதையும் விட்டுடாதீங்க. இவங்க சாப்பிட்டது எல்லாம் எனக்குத் தெரியணும்.”

மகளை ஒட்டி நின்றிருந்த மயிலாத்தாள் முந்தானை நுனியைத் திருகினாள். டாக்டரிடம் பொய் சொன்னால் பிள்ளைக்கு ஆகாது என்று தோன்றியிருக்க வேண்டும்.

“ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க” என்றாள் புருசனைப் பார்த்து. “நம்மூட்டுக் கீரை வெறும் பூச்சியரிச்சதுங்க. அதப் போயி புள்ளைக்கு எப்படிங்க குடுத்துடறது? லோடுக்கீரைதான் எளசா, தளதளன்னு இருக்குது. நீங்க அக்கட்டால போனதும் அதுல நாலு கட்டு உருவிப் பையில போட்டுருவனுங்க. பூச்சியரிச்சது நம்ம ரெண்டு பேருத்துக்குப் போதாதுங்களா?”

சொல்லி முடித்ததும் அவள் முகம் தெளிந்துவிட்டது. திருட்டை ஒப்புக்கொண்டாயிற்று, யாவாரி கேட்டால் சமாளித்துக்கொள்ளலாம்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு காளிச்சாமியையே பார்த்தார்.

“எப்ப இருந்து?” என்று கேட்டார் காளிச்சாமி.

“கட்டிக் குடுத்ததுல இருந்துங்க” என்றாள் மயிலாத்தாள், மகளின் வீங்கிய கையைத் தடவிக்கொண்டே. “ஒரு வாரங்கூடத் தப்புனதில்லீங்க.”

அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.