பிடுங்கிய நோட்டு

“சார், இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்! ஒண்ணு இந்த ஆளு இந்தப் பக்கம் வரக்கூடாது, இல்லன்னா நான் வரமாட்டேன்!”

கையில் பிடுங்கிய நோட்டோடு தலைமை ஆசிரியர் தசரதனின் அறைக்குள் நுழைந்தார் தனம் டீச்சர். அவர் குரல் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடி அண்ணாமலை வரைக்கும் கேட்டிருக்கும்.

பின்னாலேயே பலராமன் வந்து நின்றார். ஐந்தாம் வகுப்பு எழிலரசியின் அப்பா. வேங்கிக்காலில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு ராத்திரி வாட்ச்மேன்.

“என்ன டீச்சர், என்ன ஆச்சு?”

“ஒண்ணரை மாசமா பாக்கறேன் சார். காலைல கணக்கு பீரியட் ஆரம்பிச்சா போதும், ஜன்னலுக்கு வெளிய வந்து உக்காந்துக்கறான். நான் பேசறதெல்லாம் நோட்டுல எழுதறான். கண்ணப் பாருங்க, எப்படி செவந்து கெடக்குதுன்னு. குடிச்சிட்டு வேற வர்றான்!”

“ஐயோ, குடிக்கலீங்க டீச்சர். தூங்கலீங்க.”

“நீ பேசாத! எதுக்கு எழுதறான்னு எனக்குத் தெரியாதா சார்? திங்கக்கிழமையானா கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்கறாங்கல்ல? அங்க என் மேல குடுக்கத்தான்! பொண்ணு காலாண்டுப் பரீட்சையில கணக்குல எட்டு மார்க். கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டேன். அந்த ஆத்திரம்!”

“என்ன கேட்டீங்க?”

“பெத்தா மட்டும் போதுமா, வீட்ல உக்கார வெச்சு சொல்லிக்குடுக்க மாட்டியான்னு கேட்டேன். அது தப்பா?”

தசரதன் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். டீச்சரிடம் அவருக்கு எப்போதுமே பேச்சு கம்மி.

நோட்டை வாங்கித் திறந்தார். மேலே தேதி. கீழே கோணல்மாணல் எழுத்தில் பின்னக் கணக்கு. அடித்து, திரும்பப் போட்டு, மறுபடியும் அடித்து, கடைசியில் விடை சரியாக இருந்தது.

“யாருப்பா போட்ட கணக்கு இது?”

“நான்தாங்க ஐயா. நான் மூணாவதோட நின்னவன். வீட்ல சொல்லிக்குடுன்னு டீச்சர் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சாத்தான சொல்லிக்குடுக்க? டியூட்டி முடிஞ்சதும் நேரா வந்து கேட்டு எழுதிக்கிட்டு, சாயங்காலம் புள்ளைக்குச் சொல்லித் தர்றேன்.”

தனம் டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தசரதன் பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் தேதிக்குக் கீழே ஒரே வரி: ‘டீச்சர் வரவில்லை. பாடம் இல்லை.’ இரண்டு பக்கம் தள்ளி இன்னொன்று. அடுத்த வாரத்தில் மட்டும் மூன்று. மேஜை மேல் இருந்த வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். அந்த எல்லா நாளிலும் டீச்சரின் கையெழுத்து அழகாக இருந்தது.

டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டார்.

“பாத்தீங்களா சார்! மனுவுக்கு ஆதாரம் சேத்து வெச்சிருக்கான்!”

பலராமன் பதறிப்போய்க் கைகூப்பினார்.

“அண்ணாமலையார் சத்தியமா மனு இல்லீங்க டீச்சர்! அந்த நாள்ல புள்ளைக்கு என்ன சொல்லிக்குடுக்கறதுன்னு எனக்குத் தெரியலீங்க. விட்டுப்போன பாடத்த உங்களையே கேட்டுக்கலாம்னுதான் குறிச்சு வெச்சேன்!”