வெள்ளைமேல் வெள்ளை

பண்டலைப் பிரித்ததும் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். வெள்ளை டி-ஷர்ட்டில் பிரிண்டையே காணோம்.

சூப்பர்வைசர் சாரதாமணி ஒரு கலர்த் தாளை நீட்டினாள். ரஷ்யாவில் ஒருவர் நூறு வருடங்களுக்கு முன்பு வரைந்த ஓவியமாம். வெள்ளைப் பரப்பில் சற்றே சாய்ந்த ஒரு வெள்ளைச் சதுரம். வேறொன்றும் இல்லை. அதையே டி-ஷர்ட்டில் வெள்ளை மையால் அச்சடித்திருந்தார்கள்.

"இதையா காசு குடுத்து வாங்கிப் போடறாங்க?" என்றாள் பூவாத்தாள்.

"போடறவங்க போடட்டும். மை புடிக்காததை எடுத்து வெச்சிருங்க. நாளைக்கு லோடு ஏறோணும்."

அரை மணி நேரத்தில் சிரிப்பு அடங்கியது. டியூப்லைட்டில் பிடித்தார்கள். ஜன்னல் வெயிலில் சாய்த்தார்கள். கண்ணில் நீர் வடிந்ததே தவிர, சதுரம் எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை.

நாகஜோதியின் கை மட்டும் நிற்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். கண்ணை மூடிக்கொண்டு சதுரத்தின் ஓரங்களில் விரலை ஓட்டினாள்.

"இந்த மூலையில மை பிடிக்கலக்கா."

சாரதாமணி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். சரிதான்.

அடுத்ததும் சரி. அதற்கடுத்ததும்.

"எல்லாரும் இவ பண்றாப்ல பண்ணுங்க!"

அவ்வளவு பேரும் கண்ணை மூடித் துணியைத் தடவுவதைப் பார்த்து, டீ கொண்டுவந்த கிட்டுசாமி வாசலிலேயே நின்றுவிட்டார்.

நாகஜோதிக்குப் பக்கத்தில் நின்ற மருதாள் மட்டும் கண்ணை மூடவில்லை. நாகஜோதி முடித்து வைத்த பண்டலைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு பீஸாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

நாகஜோதிக்குத் துணி சரசரக்கும் சத்தம் கேட்டது. "எதுக்குக்கா ஏம் பண்டலப் பாக்குறீக? தப்பா இருக்கா?"

"மையெல்லாம் சரியாத்தான் பாத்திருக்கற கண்ணு. எண்ணெய்க் கறை ரெண்டு உட்டுப்போச்சு. எடுத்து வெச்சுட்டேன்."

இரண்டும் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கறுப்பாக இருந்தன.

நாகஜோதியின் கை நின்றது. பார்வை மங்கிக்கொண்டே வருவதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் செக்கிங்கில் யார் வைத்துக்கொள்வார்கள்?

மருதாள் குரலைத் தாழ்த்தினாள். "மூணு மாசமா நீ உடறதை எடுத்து வெச்சுட்டுத்தான் இருக்கறேன். ஞாயித்துக்கெழம கண்ணாஸ்பத்திரிக்குப் போலாம். நானும் வர்றேன்."

நாகஜோதி மேசைமேல் மருதாளின் கையைத் தேடினாள்.

மருதாள் தன் கையைக் கொஞ்சம் நகர்த்தி, எட்டுகிற இடத்தில் வைத்தாள்.