பாடி மட்டும்

“பாடி மட்டும் போதுங்க. மத்ததெல்லாம் எங்கிட்ட இருக்குதுங்க.”

போனில் வந்த இந்த ஒரு பேச்சிலேயே நிலவனுக்கு மனசு குளிர்ந்துபோனது. நாமக்கல்லில் பழைய ஃபிலிம் கேமராக் கடை போட்டு ரெண்டு வருசமாகிறது. லென்ஸ் கைவசம் இருக்கு, பாடி மட்டும் கொடு என்று விவரமாகக் கேட்கும் முதல் மனுசன் இவர்தான்.

பேர் அங்கமுத்து, திருச்செங்கோட்டுப் பக்கமாம். கடைக்குப் பக்கத்தில் டீ போடும் மாரியப்பன்தான், பாடின்னா நிலவனைக் கேளுங்கள் என்று நம்பர் கொடுத்தாராம்.

நிலவன் கடையில் மூன்று தட்டு. கீழ்த்தட்டில் ஆரம்ப ரகம், பிளாஸ்டிக், நாலாயிரம். காலேஜ் பிள்ளைகள் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, செல்போனில் தங்களையே படம் எடுத்துக்கொள்ளும். நடுத்தட்டு ஆறாயிரம், ஆசைக்கு எடுக்கிறவர்களுக்கு. மேல்தட்டில் ஒரே ஒரு கேமரா, தொழில்காரர்களுக்கென்றே செய்தது, பத்தாயிரம். அதைத் துடைத்துத் துடைத்து வைத்ததுதான் மிச்சம். இந்த மாசத்துக்குள் அது போகாவிட்டால் கடையை மூடிவிட்டு மச்சானின் முட்டைக் கம்பெனிக்கே போய்விடுகிறேன் என்று மனைவி கயல்விழிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். இன்றைக்குத் தேதி இருபத்தொன்பது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று ரகத்தையும் சொன்னான். வியாபாரத்தில் ஆயிரத்தையெல்லாம் யார் வாய் வலிக்கச் சொல்கிறார்கள்? நாலு, ஆறு, பத்து என்றான்.

“பிளாஸ்டிக்கெல்லாம் நமக்கு ஆவாதுங்க. வருசம் முச்சூடும் ரோட்டுல கெடக்கற பொழப்பு. போன மாசம் அஸ்ஸாம், இப்பத்தான் காஷ்மீர் போயிட்டு வந்துச்சு. மழை, வெயிலு, தூசி அத்தனையும் தாங்கோணும்.”

நிலவனுக்குப் புல்லரித்துவிட்டது. அஸ்ஸாமிலும் காஷ்மீரிலும் படம் பிடிக்கிற ஆள், இத்தனை பெரிய கலைஞர், இந்தத் திருச்செங்கோட்டில் இருந்தும் தனக்கே தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

“அப்ப பத்துதாங்க உங்களுக்குச் சரி. முழுக்க மெட்டல். கீழ விழுந்தாக்கூட ஒண்ணும் ஆகாதுங்க.”

“உழுகக் கூடாதுன்னுதானுங்க சாமி, கெளம்பறப்பயெல்லாம் தேங்கா ஒடைக்கறோம்.”

கேமராவுக்குத் தேங்காய் உடைக்கிறார்! நிலவன் தன்னையறியாமல் எழுந்து நின்றுகொண்டான். தான் ஒருநாளாவது ஒரு கற்பூரம் காட்டியிருப்போமா என்று யோசித்துப் பார்த்தான்.

அடுத்து அவர் நிறம் கேட்டார். தொழில்காரர்கள் கறுப்பைத்தான் விரும்புவார்கள் என்று இவன் சொன்னதும், கொஞ்சம் தயங்கி, செரி என்றார். முன்னால் மட்டும் குலசாமி பேரை எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அதற்கென்ன, எழுதித் தருகிறேன் என்றான்.

விலையைக் குறைக்கச் சொல்வார் என்று காத்திருந்தான். அவரோ, மற்ற இடத்தில் பன்னிரண்டுக்குக் குறைய மாட்டேன் என்கிறார்கள், பத்து நியாயமான விலைதான் என்றார். பேரம் பேசாத மனுசனை நாமக்கல் ஜில்லாவிலேயே அவன் பார்த்ததில்லை.

“நாளைக்குக் காலையில வாங்க. ஆக வேண்டியதைப் பாத்துரலாம்.”

“வாரேனுங்க. அட்வான்ஸா ஒண்ணு போட்டுருக்கேன், பாருங்க.”

ஆயிரம் ரூபாய்தானே என்று போனைப் பார்த்த நிலவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். ஒரு லட்சம்.

“வந்துருச்சுங்களா?” அங்கமுத்துவின் குரல் நிம்மதியாக இருந்தது. “அப்ப பாடி கட்ட சேசிஸைக் காலையில ஏழு மணிக்கெல்லாம் பட்டறைக்கு ஓட்டியாரச் சொல்லிப்போடறேன். பதினாலு சக்கர லாரிங்க, உங்க கேட்டு அகலம் பத்துமுங்களா?”