கால் விலை

"எங்க மின்நூலைக் கால் விலைக்கு விக்க உங்களுக்கு யாரு சார் உரிமை கொடுத்தது? போட்ட முதலே திரும்பாது" என்று பதிப்பாளர் ஸ்பீக்கர்போனில் பொரிந்துகொண்டிருந்தார்.

எதிரே அந்த நாவலை எழுதிய அவருடைய அக்கா. "விடாதேடா தம்பி. என் உழைப்பைக் கூறு போட்டு விக்கிறாங்க."

மறுமுனையில் இணையக் கடை மேலாளர் பெருமூச்சு விட்டார். "வேற எங்கயாவது விலை குறைஞ்சா எங்க கம்ப்யூட்டரும் தானா குறைச்சிடும் சார். ஒப்பந்தத்துலயே இருக்கு."

"எந்தப் படுபாவி குறைச்சு விக்கிறது?"

"ஒரு அம்மா. சொந்த வலைப்பக்கத்துல விக்கிறாங்க. அவங்க போட்டோகூட இருக்கு. அனுப்பட்டுமா?"

அக்கா மெல்லக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "என் சிநேகிதிகளுக்கு மட்டும்னுதான்டா போட்டேன்."

பதிப்பாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "போட்டோ வேணாம் சார். நேர்லயே பாத்துட்டிருக்கேன்."