பனிக் கல்யாணம்

கூடையைத் தரையில் வைக்கக் கூடாது. வழியில் நிற்கக் கூடாது. குகைக்குப் போய்ச் சேரும்வரை வாய் திறக்கக் கூடாது.

மெஹ்தி கூடையை முதுகில் ஏற்றிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவியின் அண்ணன் ஷம்ஷேர் கடைசியாக ஒரு தடவை வாயாடினான்.

"பொண்ணைப் பத்திரமா கூட்டிட்டு வா மச்சான். வழி நெடுக அழுதுக்கிட்டே வரப்போறா."

"உன் மாப்பிள்ளை மட்டும் என்னவாம்? இப்பவே வேர்த்துக் கொட்டுது அவனுக்கு" என்றான் மெஹ்தி.

எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு யாரும் பேசவில்லை.

மெஹ்தியின் கூடையில் பெண் பனி. வெள்ளை வெளேரென்று இருக்கும். சிந்து நதிக்கு அக்கரையிலிருந்து அவன் கொண்டுவந்தது. ஷம்ஷேரின் கூடையில் ஆண் பனி. மண்ணும் கல்லும் கலந்து கறுத்திருக்கும். வடக்கே மூன்று நாள் நடையில் இருக்கும் பனியாற்றிலிருந்து அவன் கொண்டுவந்தது. இரண்டையும் உச்சிக் குகையில் ஒன்றாக வைத்துக் கரியும் உமியும் போட்டு மூடினால் புதிதாக ஒரு பனியாறு பிறக்கும். அது வளரப் பன்னிரண்டு வருஷம் ஆகும்.

ஊருக்கு மேலே இருந்த பழைய பனியாறு போன கோடையோடு தீர்ந்துவிட்டது.

பாதை ஏற ஏற, கீழே சிந்து தெரிந்தது. மலை காலை நீட்டி மறித்த இடத்தில் முழங்கைபோல மடங்கி, அடுத்த மலை விட்ட இடுக்கில் நுழைந்து போய்க்கொண்டிருந்தது. அத்தனை தண்ணீரும் மலைகள் ஊட்டியது. அதில் ஒரு குவளைகூட மேலேறி வாற்கோதுமை வயலுக்கு வராது. வயலுக்குத் தண்ணீர் என்றால் மலையிலிருந்து இறங்கினால்தான் உண்டு.

பதினாறு வீடுகளில் ஐந்துதான் மிச்சம். அந்த ஐந்தும் ஊரைவிட்டுப் போக மூட்டை கட்டி வைத்திருந்தன. பெண் பனி கிடைத்துவிட்டது என்று மெஹ்தி நேற்று வந்து சொன்னதும், அவன் மனைவி ஸக்கீனாதான் முதலில் தன் மூட்டையை அவிழ்த்தாள். விதைத் தானியத்தைத் திரும்பவும் குதிரில் கொட்டினாள். அவளைப் பார்த்து மற்ற நான்கு வீடுகளும் அவிழ்த்தன.

பனி உருகி மெஹ்தியின் முதுகெலும்பு வழியாக இறங்கியது.

மூன்று தடவை அவன் வாயைத் திறக்கப் பார்த்தான். மூன்று தடவையும் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஸக்கீனா உமி மூட்டையைச் சுமந்தபடி வந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கினாலும் முகம் மலர்ந்திருந்தது. பேசக் கூடாது என்பதால் புருவத்தை உயர்த்தியே என்னவென்று கேட்டாள்.

அவன் ஒன்றுமில்லை என்று தலையாட்டினான்.

குகையில் இருவரும் பனியை இறக்கி அருகருகே வைத்தார்கள். கூட ஏறி வந்திருந்த ஊர் மதகுரு ஷேக் கண்ணை மூடி துவா ஓதினார். சிந்துவிலிருந்து சுரைக்குடுக்கையில் மொண்டு வந்த தண்ணீரை இரண்டின் மேலும் ஊற்றினார்.

ஷம்ஷேரின் கட்டியிலிருந்து கறுப்பு வழிந்தது. வழிந்த இடத்தில் ஒரு விளிம்பு தெரிந்தது. அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல நேரான விளிம்பு.

மெஹ்திக்கு அந்த விளிம்பு தெரியும். ஸ்கர்து நகரத்தில் ஐஸ் ஃபேக்டரிக்காரர்கள் தகரப் பெட்டியில் வார்த்து எடுக்கும் கட்டிக்குத்தான் அது வரும். தன்னுடைய கட்டியில் அதைக் கல்லால் கொத்திக் கொத்தி மழுக்க அவனுக்கு நேற்று பாதிப் பகல் பிடித்தது. அக்கரைப் பள்ளத்தாக்கில் அவன் போனபோது வெறும் பாறைதான் கிடந்தது.

வடக்கிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

ஷம்ஷேர் நிமிர்ந்தான். அவன் பார்வை மெஹ்தியின் கட்டிமேல் போனது. கொத்துப்பட்ட ஓரங்களில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெஹ்தியின் முகத்துக்கு வந்தது.

ஸக்கீனா உமி மூட்டையின் வாயை அவிழ்த்துக்கொண்டு குனிந்து உள்ளே வந்தாள்.

"கரியை அள்ளிப் போடு மச்சான், சீக்கிரம்" என்றான் ஷம்ஷேர். "வெயில் படுது பாரு."

வடக்கு பார்த்த அந்தக் குகைக்குள் வருஷம் முழுக்க வெயில் வருவதில்லை.

மெஹ்தி இரண்டு கையாலும் அள்ளிப் போட்டான்.