உண்ணி ஒழிப்புத் தீர்மானம்

கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சுலோச்சனா எழுந்து போய், செயலாளர் ஸ்ரீநாத்தின் காதில் செருகியிருந்த வில்வத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

பிடுங்கினாள் என்றுதான் மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. கேட்டு வாங்கினாள் என்றும் சொல்லலாம். ஆனால் கேட்டதற்கும் எடுத்ததற்கும் நடுவில் அரை நொடிகூட இல்லை.

மயிலாப்பூரில், தெற்கு மாட வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில், எட்டு ஃபிளாட் கொண்ட குடியிருப்பு அது. ஞாயிறு மாலை அவசரக் கூட்டம். பொருள்: உண்ணி.

புதன்கிழமை ஸ்ரீநாத்தின் மகள் வர்ஷினியின் கணுக்காலில் ஒரு நாய் உண்ணி ஒட்டிக்கொண்டிருந்தது. அது எப்படி வந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் வீட்டு லாப்ரடார் பிலஹரியையும் இன்னும் மூன்று வீட்டு நாய்களையும் தினமும் வாக்கிங் அழைத்துப்போகிறவள் சுலோச்சனா. பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். அந்த நாலு நாய்கள்தான் அவள் பிழைப்பு.

கேட்டுக்கு வெளியே மண்ணாங்கட்டி என்றொரு தெருநாய் உண்டு. அதற்கு அவள் பிஸ்கட் போடுகிறாள், தலையைத் தடவுகிறாள், தடவின கையாலேயே பிலஹரியின் சங்கிலியைப் பிடிக்கிறாள். வேறென்ன சாட்சி வேண்டும்?

ஸ்ரீநாத் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. வியாழக்கிழமையே நாலு பக்கத்துக்கு ஒரு சுற்றறிக்கை எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிட்டார். புல்லில் நடக்கும்போது பேண்ட்டின் நுனியை சாக்ஸுக்குள் செருகுவது முதல், உண்ணிக்கு ஆறு காலா எட்டுக் காலா என்ற ஆராய்ச்சி வரை (குஞ்சுக்கு ஆறு, வளர்ந்ததற்கு எட்டு) எல்லாம் அதில் இருந்தது. வெளியே போய்விட்டு வந்தால் வீட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி அவரே டார்ச் அடித்துப் பார்ப்பார்.

"எல்லாரும் சர்க்குலர் படிச்சேளா?" என்று கூட்டத்தை ஆரம்பித்தார்.

ஏழு தலைகள் ஆடின.

"மூணாவது பாயிண்ட் என்ன, அம்பி?"

முதல் மாடி அம்பி மின்விசிறியைப் பார்த்தார். "ரொம்ப முக்கியமான பாயிண்ட் சார் அது" என்றார்.

ஸ்ரீநாத் பெருமூச்சு விட்டுவிட்டுத் தீர்மானத்தைப் படித்தார். நாளை முதல் சுலோச்சனா கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. விளக்கம் சொல்ல அவளையும் அழைத்திருந்தார். ஒருதலைப்பட்சம் என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

மண்ணாங்கட்டிக்கு மாசம் தவறாமல் உண்ணி மருந்து தடவுவதாக அவள் சொன்னாள். தெருநாய்க்கு மருந்தா என்று யாரோ சிரித்தார்கள்.

"பிலஹரிக்கு வேற எங்கியோ ஒட்டிக்கினு வருது மாமா. ஞாயித்துக்கெளம கொட்டிவாக்கம் இட்டுக்கினு போறீங்களே, அங்க முட்டி ஒசரம் புல்லு கீதுன்னு நீங்கதான சொன்னீங்க..."

"அது என் தம்பியோட மனை" என்றார் ஸ்ரீநாத். தம்பியின் மனையில் உண்ணி என்றால் குடும்பத்தையே சொன்ன மாதிரி. அன்று காலையில்கூட அந்தப் புல்லில் பிலஹரியோடு ஒரு மணி நேரம் காற்று வாங்கிவிட்டு வந்திருந்தார்.

அப்போதுதான் அந்த வில்வ விவகாரம்.

சுலோச்சனா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அவர் காதையே பார்த்தாள். நாலு மணிக்குக் கபாலி கோயிலுக்குப் போனவர், பிரசாத வில்வத்தை வழக்கம்போல வலது காதில் செருகிக்கொண்டு நேரே கூட்டத்துக்கு வந்திருந்தார்.

"மாமா, அந்த வில்வத்த எனக்குக் குடுங்க, கண்ணுல ஒத்திக்கறேன்."

அவர் கையைத் தூக்குவதற்குள் அவளே எடுத்துவிட்டாள். நகம் பட்டுச் சுருக்கென்றது. எடுத்தவள் கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் இல்லை. புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

"விட்டா காதையே எடுத்துண்டு போயிடுவா போலிருக்கே" என்றார் அம்பி.

அதுவரை தயங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஸ்ரீநாத் வீட்டுக்கு வந்து அறிவிப்பை எழுதினார். கையெழுத்துப் போடப் போன நேரத்தில் மனைவி காமாக்ஷி பஞ்சும் மருந்துமாக வந்து நின்றாள்.

"காதைக் காட்டுங்கோ."

"எதுக்கு?"

"ரத்தம்."

துடைத்துவிட்டு, ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து அறிவிப்பின் மேல் வைத்தாள். உள்ளே அந்த வில்வம். நடு இலையில், மிளகு அளவில் ஓர் உண்ணி காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

எட்டுக் கால்.

"சுலோச்சனா குடுத்தா. உங்க காதுக்குப் பின்னாடி இருந்துதாம். அத்தனை பேர் எதிர்ல சொன்னா மாமாவுக்கு அசிங்கம்னு வில்வம் கேக்கறாப்பல எடுத்துட்டாளாம்."

ஸ்ரீநாத் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அப்போதும் தமக்குத் தெரிந்ததைத்தான் பேசினார்.

"கையால பிடுங்கினா தலை உள்ளேயே தங்கிடுமே."

"தங்கலை. நசுக்காம, திருகாம, தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுக்கணுமாம். சர்க்குலர்ல உங்க மூணாவது பாயிண்ட்தானாம்."

அவர் பேனாவை மூடினார். அறிவிப்பை நாலாக மடித்தார்.

"போயிட்டாளா?"

"வாசல்ல நிக்கறா. தடை நாளையிலேர்ந்துதானே, பிலஹரிக்கு இன்னிக்கு வாக்கிங் உண்டான்னு கேக்கறா."