கையெழுத்துப் போடாதவர்

ஞானதுரைக்கு முன்னால் இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒன்று பெங்களூரு, இன்னொன்று டெல்லி. இரண்டு காலேஜுமே மகள் ஷெரினுக்கு எம்.ஏ. சீட் கொடுத்திருந்தன. பொது நிர்வாகமும் அரசுக் கொள்கையும் என்று படிப்புக்குப் பெயர்.

"அரசாங்கத்தை நடத்துறதுக்குப் படிக்கப் போறியாக்கும்? அப்பன் முப்பத்தஞ்சு வருசமா மறிச்சதை நீ நடத்தப் போற!"

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒண்ணை முடிவு பண்ணணும்ப்பா. எதுன்னு சொல்லுங்க."

அவரைக் கேட்காமல் முடிவெடுத்தால் வீட்டு வாசலிலேயே மறியலுக்கு உட்கார்ந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

ஞானதுரை பெங்களூருக்கு போன் போட்டார். தமிழ் தெரிந்த ஒரு பெண் பேசினாள்.

"ஏம்மா, உங்க காலேஜுல கடைசியா எப்ப ஸ்டிரைக் நடந்துச்சு?"

"இங்க ஸ்டிரைக்கே நடந்ததில்ல சார்!" அவள் குரலில் அத்தனை பெருமை.

போனை வைத்தார். "மக்களைப் பத்திச் சொல்லித் தர்ற எடத்துல ஒரு மனுசன்கூடக் குரல் கொடுக்கலையாம். அது காலேஜா, கல்லறையா?"

டெல்லிக்கு ஷெரின் பேசினாள். வாட்ச்மேன்தான் எடுத்தார். "ஆபீஸ் பூட்டியிருக்காம்ப்பா. பசங்க கேட்டை மறிச்சு உக்காந்திருக்காங்களாம். எதுன்னாலும் ஆன்லைன்ல அனுப்பணுமாம்."

ஞானதுரை தொடையைத் தட்டினார். "இதுதாம்ல யுனிவர்சிட்டி! பெங்களூருக்கு வேண்டாம்னு இப்பவே எழுதிப் போடு!"

எழுதிப் போட்டாள். டெல்லி பாரத்தை உத்தமபாளையம் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தபோது மணி மூன்றரை. கடைசிப் பக்கத்தைக் கொஞ்சம் தயங்கித்தான் நீட்டினாள்.

"இங்கன ஒரு கையெழுத்துப் போடணும்ப்பா."

"என்னன்னு வாசி."

"'என் மகள் எந்தப் போராட்டத்திலும் மறியலிலும் கலந்துகொள்ள மாட்டாள் என்று உறுதி கூறுகிறேன்.' கீழ பெத்தவங்க கையெழுத்து. அதுக்குக் கீழ சாட்சி கையெழுத்து."

ஞானதுரை பேனாவைத் தூக்கி எறிந்தார். அது அடுப்படி வரை போனது.

"உன் பங்குக்கு நீ போட்டுட்டியா?"

"முந்தின பக்கத்துல எனக்கும் இதே உறுதிமொழிதான், போட்டுட்டேன். உள்ள போனப்பறம் பாத்துக்கலாம்ப்பா."

"எழுதிக் குடுத்துட்டு மீறுறதா? அதுக்கு நீ எம்.எல்.ஏ.வுக்கே நிக்கலாமே, படிப்பு எதுக்கு?"

"அப்பா, பெங்களூரு சீட்டும் போயிருச்சு. இதை விட்டா எனக்கு வேற காலேஜே இல்ல."

"ஏ ஆத்தா, நான் யாரு? இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால வாய்க்கால் தண்ணிக்காகக் கம்பம் ரோட்டை மறிச்சப்ப பதினாலு பேரைக் கல்யாண மண்டபத்துல அடைச்சாங்க. 'இனி போராட மாட்டேன்'னு எழுதிக் குடுத்தா வீடு, இல்லைன்னா மதுரை ஜெயிலு. பதிமூணு பேர் ஜெயிலுக்குப் போனோம். நீ பெறந்த சேதியே எனக்கு ஜெயிலுக்குள்ளதான் வந்துச்சு. போட்டமா கையெழுத்து?"

"தெரியும்ப்பா."

"போட்டவன் ஒருத்தன். அந்த வாழைமண்டிக்காரன், கையெழுத்துச் சங்கரலிங்கம்! வெளிய வந்ததும் மொத வேலையா அவனைத் துரோகின்னு ஆயிரம் நோட்டீசு அடிச்சு, சின்னமனூர்ல சுவர் சுவரா ஒட்டுனேன். இன்னைக்கு வரைக்கும் அவன் மொகத்துல முழிச்சதில்ல. என்னைய அவனாட்டம் ஆகச் சொல்றியா?"

ஷெரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த லூர்து மேரி எழுந்தாள். அடுப்படியில் கிடந்த பேனாவை எடுத்து வந்து கணவர் முன்னால் வைத்தாள்.

"மறிச்சீகல்ல, அன்னைக்கு மத்தியானம் எனக்கு வலி கண்டுருச்சு. பிள்ளை தலை திரும்பல, உடனே தேனிக்குக் கொண்டு போனாத்தான் ரெண்டு உசுரும் தங்கும்னு நர்ஸம்மா சொல்லிட்டாக. தெருவுல ஒரு ஆம்பளை கெடையாது. அம்புட்டுப் பேரும் உங்ககூட மண்டபத்துல."

"அதான் யாரோ வேன்ல கொண்டு போனாகன்னு சொன்னியே."

"வாழைத்தார் ஏத்துற வேனு. யாருதுன்னு நீங்க ஒருநாளும் கேக்கல."

ஞானதுரை நிமிர்ந்து பார்த்தார்.

"சேதி மொதல்ல சங்கரலிங்கம் அண்ணன் காதுக்குத்தான் வந்துச்சாம். உங்ககிட்டச் சொன்னா நீங்க கையெழுத்துப் போட்டுட்டு ஓடியாந்துருவீகன்னு, அவுக போட்டுட்டு வந்துட்டாக."

"நானா? நான் போட்டிருப்பனா?"

"போட்டிருப்பீக."

ஞானதுரை முன்னால் கிடந்த பேனாவைப் பார்த்தார்.

"'தலைவரு போட்டா கூட்டம் கலைஞ்சுரும். கெட்ட பேரை நான் வாங்கிக்கிறேன், நீ வாயைத் தொறக்காத'ன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டாக. நீங்க ஒட்டுன நோட்டீசை எல்லாம் படிச்சுட்டும் சும்மாதான் இருந்தாக. இன்னைக்கு நான் சத்தியத்தை மீறிட்டேன். மாதா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."



ஞானதுரை பேனாவை எடுத்தார். பாரத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியை மகளிடம் தந்தார்.

"எங்கப்பா கெளம்புறீங்க? இன்னும் சாட்சி கையெழுத்து வேணுமே."

"அதுக்குத்தான் ஆத்தா. வாழைமண்டிக்கு விடு வண்டியை. நம்ம வீட்டுக்காகக் கையெழுத்துப் போட்டு அவனுக்குத்தான் பழக்கம்."